எல்லாச் சொல்லும் தெரிகிறது, வாக்கியம்தான் புரியவில்லை

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவள். திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். வீட்டில் சில பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன். எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஒரு சீனப் பெண்மணி, தன் மகனை ஆங்கிலத்துக்காக என்னிடம் அனுப்புகிறார். பதினைந்து வயது. செங்டு நகரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உயர்நிலை மூன்றில் படிக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் என் மகனுக்குத் தெரியாது. ஆனால் கருத்தறிதலில் ஐம்பதுக்கு 18, 19 தாண்டுவதில்லை. வாரத்துக்கு ஆறு தாள் செய்கிறோம். "எல்லாச் சொல்லும் தெரிகிறது ஆசிரியை, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை" என்கிறான். அம்மாவோ இன்னும் தாள்கள் கேட்கிறார். பையன் எந்நேரமும் கைப்பேசியில் சீன நாவல் படிப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று அவனைத் திட்டவும் செய்கிறார். எனக்குச் சீனமொழி ஒரு சொல்லும் தெரியாது. இவனுக்குக் கற்பிக்க நான் சரியான ஆள்தானா? என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் குறையாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். எந்நேரமும் நாவல் படிக்கும் பையன்! ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவன் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் எந்த மொழியிலும் எதையும் படிக்காதவர்கள். அவர்களுக்கு வைத்தியம் வேறு, அதற்குக் காலமும் அதிகம். உங்கள் மாணவன் அப்படியல்ல. கதையின் போக்கை ஊகிப்பது, சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது, ஒரு பாத்திரம் பொய் சொல்கிறது என்று மோப்பம் பிடிப்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் தாய்மொழியில் அந்த வேலையைத் தினமும் செய்கிறான். ஆங்கிலத்தில் அந்தத் திறமை வெளிவராமல் எதுவோ வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது என்ன என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. அம்மாவிடம் முதலில் சொல்லவேண்டியதும் இதுதான்: நாவலை நிறுத்தாதீர்கள்.

அடுத்து, தாள்களை நிறுத்துங்கள். கருத்தறிதல் தாள் என்பது வாசிப்பைச் சோதிக்கும் கருவி. சோதனையை வாரத்துக்கு ஆறு முறை வைத்தால் பையன் வாரத்துக்கு ஆறு முறை தோற்கிறான், அவ்வளவுதான் நடக்கிறது. நானும் என் இளவயதில் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த ஒரு மாணவியை இப்படித்தான் வறுத்தெடுத்தேன். நாற்பது தாள் செய்தோம். இரண்டு மதிப்பெண் கூடியது. அந்த இரண்டும் என் கையெழுத்துக்குப் பழகியதால் வந்தவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தாள் போதும். அதையும் எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது அவன் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். எல்லாச் சொல்லும் தெரிகிறது என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

சீனாவில் ‘காவ்காவ்’ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு 150. அதற்கான சொற்பட்டியல் என்று 3500 சொற்களைப் பிள்ளைகள் உருப்போடுவது அங்கே ஊரறிந்த வழக்கம். உங்கள் பையன் அந்தத் தேர்வை எழுதும் வயதுக்கு முன்பே கிளம்பிவிட்டான். ஆனால் கீழ்வகுப்புகளிலும் காற்று அந்தத் திசையில்தான் வீசும். உருப்போடுவதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘பெய்’. முதுகு என்பதற்கும் அதே எழுத்துத்தான். புத்தகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒப்பிப்பது! நம் ஊர் நெட்டுருவுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

அகரவரிசையில் அந்தப் பட்டியல்களைத் திறந்தால் தொடக்கத்திலேயே வந்து நிற்கும் சொல் ‘அபாண்டன்’. கைவிடுதல். பட்டியலை உருப்போட உட்கார்ந்தவர்கள் முதல் சொல்லிலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்று சீன மாணவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவன் அதற்கு ஒரே ஒரு சீனச் சொல்லை ஒட்டிவைத்திருப்பான்: கைவிடு. கப்பலைக் கைவிட்டார்கள் என்றால் பொருந்தும். பாழடைந்து கிடக்கும் வீட்டை ஆங்கிலத்தில் ‘அபாண்டன்ட் ஹவுஸ்’ என்றால் ஒருவாறு சமாளிப்பான். ஆனால் அவள் ‘வித் அபாண்டன்’ ஆடினாள் என்று வந்தால்? தன்னை மறந்து, கட்டுக்கடங்காமல் ஆடினாள் என்பது பொருள். அவன் மனத்தில் யாரோ யாரையோ கைவிட்டுவிட்டு ஆடுகிறார்கள். சொல் தெரிகிறது, சொல்லின் ஒரு முகம் மட்டும்தான் தெரிகிறது.

இதைக்கூட இரண்டாம் இடத்தில் வைப்பேன். பெரிய அடைப்பு வாக்கியத்தில் இருக்கிறது. அங்கேதான் உங்களுக்கு நீங்களே அறியாத ஒரு வசதி கையில் உள்ளது.

ஒரு சின்ன ஆங்கில வாக்கியம்: ‘தி மேன் தி போலீஸ் கொஸ்டின்ட் லெஃப்ட்.’ ஆறே சொற்கள், ஆறும் மூன்றாம் வகுப்புச் சொற்கள். இதை அவனிடம் எழுதிக் காட்டிப் பொருள் கேளுங்கள். மனிதன், போலீஸ், கேள்வி கேட்டான், இடது பக்கம் என்று திணறுவான். இப்போது இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: போலீஸ் விசாரித்த மனிதர் போய்விட்டார். இந்த வாக்கியத்தைச் சீனமொழியில் சொன்னால் சொற்கள் எந்த வரிசையில் வரும் தெரியுமா? போலீஸ், விசாரித்த, மனிதர், போய்விட்டார். அப்படியே நம் வரிசை. ‘விசாரித்த’ என்பதில் நமக்குப் பெயரெச்ச விகுதி செய்யும் வேலையை அவர்களுக்கு ‘த’ என்ற ஒரு தனிச்சொல் செய்கிறது. பெயரைப் பற்றிய செய்தி முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடும்; பெயர் கடைசியில் வந்து உட்காரும். நேற்று வந்த பையன், அம்மா வாங்கிக் கொடுத்த சட்டை, மழையில் நனைந்த புத்தகம் எல்லாமே சீனத்திலும் இதே நடைதான்.

ஆங்கிலம்தான் பெயரை முதலில் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் ரயில்பெட்டி போலச் செய்திகளைக் கோத்துக்கொண்டே போகிறது. ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று கொக்கிகள் இருந்தால் ஓரளவு தெரியும். மேலே சொன்ன வாக்கியம்போலக் கொக்கியையும் கழற்றிவிட்டால் உங்கள் மாணவன் எந்தப் பெட்டி எதனோடு சேர்ந்தது என்று தெரியாமல் நிற்கிறான். நீங்களும் ஒரு காலத்தில் தஞ்சாவூரில் இதே இடத்தில் நின்றிருப்பீர்கள். முதுகலை படித்ததில் மறந்துபோயிருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இது ஒரு தடங்கல் என்பதே கண்ணில் படாது. ஆகவே நீங்கள் சரியான ஆளா என்ற கேள்விக்கு என் பதில், பலரைவிடச் சரியான ஆள்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஒற்றுமை பெயருக்கு முன்னால் வரும் தொடரோடு நின்றுவிடுகிறது. முழு வாக்கியத்தில் சீனம் ஆங்கிலத்தைப் போல வினையை நடுவில் வைக்கும்; நாம் கடைசியில் வைப்போம். அதனால் உங்கள் மகனுக்கு வரும் பிழைகளையே இவனிடமும் தேடாதீர்கள்.

இதற்குப் பயிற்சி எளிது. ஒரு பத்தியில் மிக நீளமான வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் முதன்மை வினையின்மேல் அவன் விரலை வைக்கவேண்டும். பிறகு இன்னொரு விரலை அந்த வினைக்கு உரியவர்மேல் வைக்கவேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவில் கிடப்பது எல்லாம் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைப் பெயருக்கு முன்னால் தூக்கி வைத்து, சீனமொழியில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்வது உங்களுக்குப் புரியாது, பரவாயில்லை. தடையில்லாமல் சொல்கிறானா, நடுவில் நின்று முழிக்கிறானா என்பதை எந்த மொழியிலும் காதால் கண்டுபிடித்துவிடலாம். நின்றால் நீங்கள் அதைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், விரலால் வரிசையைச் சுட்டிக்கொண்டே. நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருநாளைக்கு மூன்று வாக்கியம், பத்து நிமிடம். இரண்டு மாதத்தில் அவன் கண் வேறு மாதிரி ஓடும்.

அடுத்தது வால். நமக்கு இலக்கணத்தின் உயிர் சொல்லின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தால் என்று கடைசி எழுத்தை வைத்தே யார், எப்போது, நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கிறோம். அதனால் சொல்லின் கடைசிவரை கண்ணை ஓட்டும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. சீனத்தில் வினைக்கு வால் கிடையாது. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் ‘போ’ ஒன்றுதான்; காலத்தை நேற்று, நாளை என்ற சொற்களும், முடிந்துவிட்டது என்று காட்டும் ‘ல’ போன்ற சிறு சொற்களும் பார்த்துக்கொள்ளும். பெயருக்குப் பொதுவாகப் பன்மை விகுதியும் இல்லை. போதாக்குறைக்குப் பொதுச்சீனத்தில், அதாவது மாண்டரினில், ஓர் அசை உயிரொலியிலோ, ‘ன்’, ‘ங்’, ‘ர்’ ஒலிகளிலோதான் முடியும். ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’ என்று மெய்கள் குவிந்து முடியும் சொற்களின் கடைசி ஒலியை அவன் வாய் விழுங்கும். வாய் விழுங்குவதைக் கண்ணும் விழுங்குகிறது. எழுத்தில் இருக்கும் ‘எஸ்’ஸையும் ‘ஈடி’யையும் தாண்டிப் போகிறான். அவற்றோடு கதையின் காலமும் போய்விடுகிறது. ‘ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள்’ என்று ஆங்கிலத்தில் வந்தால், எது முன்னால் நடந்தது என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் வந்தது, பிறகு அழுகையை நிறுத்தினாள் என்பான். அங்கே ஒரு மதிப்பெண் போகிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு கேள்விகளும் போகின்றன.

இதில் மிகக் கடினமானது ‘வுட் ஹேவ்’ சேர்ந்து வரும் வாக்கியங்கள். அவன் கூப்பிட்டிருப்பான், ஆனால் கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்று ஆங்கிலத்தில் இருக்கும். கூப்பிட்டானா என்று கேட்டால் உங்கள் மாணவன் ஆம் என்பான். 1981ல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதற்கெனத் தனி வினை வடிவம் சீனமொழியில் இல்லாததால் நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்து யோசிப்பது சீனமொழியினருக்குச் சிரமம் என்று எழுதி ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். 1983ல் டெரி ஆவ் என்ற ஆய்வாளர், கதையை இயல்பான சீனத்தில் கொடுத்தால் அப்படி ஒரு சிரமமே இல்லை என்று சோதித்துக் காட்டினார். யோசனையில் குறையில்லை, ஆங்கிலம் அதற்கு வைத்திருக்கும் அடையாளம்தான் பழகவில்லை. இதில் நாம் மட்டும் யோக்கியமா? ‘கூப்பிட்டிருப்பான்’ என்ற ஒரே வடிவம் தமிழில் ‘அநேகமாகக் கூப்பிட்டுவிட்டான்’ என்றும் பொருள்படும், ‘முடிந்திருந்தால் கூப்பிட்டிருப்பான், கூப்பிடவில்லை’ என்றும் பொருள்படும். சுற்றியிருக்கும் சொற்களை வைத்துத்தான் நாமும் பிரிக்கிறோம். இதை அவனிடம் சொல்லுங்கள். தன் ஆசிரியையின் மொழியிலும் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் மாணவனுக்கு ஒரு தெம்பு வரும்.

எதிர்மறைச் சிறுசொற்களும் இந்தக் கூட்டத்தில்தான். ‘அன்லெஸ்’, ‘ஹார்ட்லி’, ‘பேர்லி’, ‘ஃபார் ஃப்ரம்’, ‘டூ டயர்ட் டு’ போன்றவை. ‘நாட்’ என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் வாக்கியம் இல்லை என்று சொல்லும். ‘ஆல்தோ’வும் அப்படி வழுக்கும். சீனத்தில் ‘இருந்தபோதிலும்’ என்று தொடங்கினால் அடுத்த பாதியில் பெரும்பாலும் ‘ஆனால்’ என்று ஒன்று ஜோடியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் ஜோடி இல்லை. அந்த ‘ஆனால்’ வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் வாக்கியம் முடிந்ததும் எதிர்ப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

இந்தப் பாடத்தைத் தொடங்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ‘ச்சாதியார் மேய்’ என்றால் என்ன என்று அவனிடமே கேளுங்கள். ‘மேய்’ என்றால் இல்லை. ஆனால் அந்தத் தொடரோடு ‘விழுந்தான்’ என்பதைச் சேர்த்தாலும் சரி, ‘மேய்’யை எடுத்துவிட்டுச் சேர்த்தாலும் சரி, இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கிட்டத்தட்ட விழுந்திருப்பான், விழவில்லை. இல்லை என்ற சொல் இருந்தும் இல்லாததுபோலவே! விளக்க முயன்று அவனே சிரித்துவிடுவான். அதன்பின் நீங்கள் ‘விழப் பார்த்தேன்’ என்று தமிழில் சொல்லி, இதில் ‘பார்த்தேன்’ என்பது கண்ணால் பார்த்ததல்ல என்று விளக்குங்கள். அடுத்து ஆங்கிலத்தின் ‘ஹார்ட்லி’யை எடுத்தால் அது அவனுக்கு எதிரியாகத் தெரியாது. எல்லா மொழியும் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுகிறது, இது அதில் ஒன்று என்று எடுத்துக்கொள்வான்.

சுட்டுப்பெயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன், அவள், அது மூன்றையும் பொதுச்சீனத்தில் வாயால் சொன்னால் ஒரே ஒலிதான், ‘தா’. எழுத்தில் மட்டும் வேறுபடும். பெண்ணுக்கான தனி எழுத்து பரவியதுகூட 1920 வாக்கில்தான், லியூ பன்னொங் என்ற கவிஞரின் முயற்சியால். அதனால் அவன் பேசும்போது ‘ஹீ’, ‘ஷீ’ மாறிமாறி வரும். அதை விட்டுவிடுங்கள், வாசிக்கும்போது அதனால் பெரிய சேதம் இல்லை. சேதம் வருவது ‘இட்’, ‘திஸ்’, ‘விச்’ எதைக் குறிக்கிறது என்பதில். இன்னொரு தொல்லை, ஒரே ஆளுக்குப் பல பட்டம் சூட்டும் ஆங்கிலப் பழக்கம். முதல் வரியில் நாய் என்பார்கள், மூன்றாவதில் அந்த விலங்கு, ஐந்தாவதில் அந்தப் போக்கிரி. நான் பார்த்த ஒரு மாணவன் கதையில் மூன்று பிராணிகள் இருப்பதாக முடிவு செய்து, மூன்றாவது எப்போது ஓடிப்போனது என்று என்னையே கேட்டான். ‘தி’ என்ற சொல், ‘உனக்கு முன்பே அறிமுகமானவர்தான்’ என்று கண்ணடிக்கிறது. அவனுடைய மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை. வண்ணப் பென்சிலை எடுத்து, ஒரே ஆளைக் குறிக்கும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே நிறத்தில் கோடு போடச் சொல்லுங்கள். சின்னப்பிள்ளை வேலை போலத் தோன்றும். உயர்நிலை மூன்றுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியாது.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. செங்டுப் பேச்சில் ‘ந’வும் ‘ல’வும் கலந்துவிடும். அவன் ‘நைட்’டை ‘லைட்’ என்று வாசித்தால் அங்கே நிறுத்தித் திருத்தாதீர்கள். வாய்விட்டு வாசிக்கச் சொல்வது அவன் எங்கே மூச்சு விடுகிறான் என்று கேட்பதற்காக. தவறான இடத்தில் மூச்சு விட்டால் அங்கே வாக்கியம் தவறாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் நுணுகிப் படிப்பது. சீனப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பாடத்தையே ‘ஜிங்து’, ‘ஃபான்து’ என்று இரண்டாகப் பிரித்துவைப்பார்கள். முன்னது நுணுகிப் படித்தல், பின்னது அள்ளிப் படித்தல். அவன் அம்மாவிடம் பேசும்போது இந்த இரண்டு சொற்களையும் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். பையன் இதுவரை ஆங்கிலத்தில் அள்ளிப் படித்ததே இல்லை. கடினமான பத்திகளில் தத்தித் தத்தி நடந்திருக்கிறானே தவிர, ஒருமுறையாவது ஓடியதில்லை.

எதை அள்ளிப் படிப்பது? நியூசிலாந்தின் பால் நேஷன் சொற்களஞ்சியத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் இன்னோர் ஆய்வாளரும் 2000ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள நூறு சொற்களில் ஏறத்தாழ 98 தெரிந்திருக்கவேண்டும். அதாவது 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்து. அதற்குமேல் போனால் அது வாசிப்பல்ல, அகராதி வேலை. இந்த அளவுகோலை வைத்துப் புத்தகம் எடுத்தால் அவன் கைக்கு வருவது பதினொரு வயதுப் பிள்ளைகளின் புத்தகமாக இருக்கலாம். வெட்கப்படுவான். மொழி கற்போருக்கென்றே எளிய சொற்களில், பெரியவர்களின் கதைகளைச் சுருக்கி நிலைவாரியாக எழுதிய வாசிப்பு நூல்கள் நூலகத்தில் இருக்கும். துப்பறியும் கதை, பேய்க்கதை எல்லாம் உண்டு. அவன் கைப்பேசியில் என்ன வகை நாவல் படிக்கிறான் என்று விசாரித்து அதே வகையில் எடுங்கள். நாளுக்கு இருபது நிமிடம், அகராதி இல்லாமல், கேள்வி இல்லாமல். முடித்ததும் பிடித்ததா என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவைக்க அனுமதியுங்கள். கைவிடுவதற்கு அவனுக்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே தெரியும்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் அது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. பத்தியை முழுதாக மாற்றிப் படித்துவிட்டு விடை எழுதினால் அதில் பயன் எதுவும் இல்லை. ஆனால் தாய்மொழியை ஒதுக்கவே வேண்டும் என்ற கட்சியும் நானில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றிய பத்தி என்றால், அதைப் பற்றி முதலில் சீனத்தில் ஐந்து நிமிடம் படித்துக்கொண்டு வரட்டும். 1988ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களானாலும் ஆட்டம் தெரியாதவர்களை, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள் முந்திவிட்டார்கள். விஷயம் தெரிந்தவன் மொழியில் கொஞ்சம் இடறினாலும் விழமாட்டான்.

உங்கள் இருவருக்கும் இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. செங்டுவுக்கு அருகில் துஜியாங்யன் என்ற இடத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றைப் பிரித்து அமைத்த பாசன வேலை இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறது. அந்த ஊர்ப் பையனுக்கு அது பாடப்புத்தகத்திலும் சுற்றுலாவிலும் அறிமுகமானதாகவே இருக்கும். அதைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் செய்து, உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆசிரியர் இடம் அவனுடையது. மறுவாரம் கல்லணையைப் பற்றி ஒரு பத்தி. அதை அவன் தானாகப் படித்து, உங்களைக் கேள்வி கேட்கட்டும்.

இனித் தாள். சீனாவில் அவன் பழகியது பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, பொருந்தாததைக் கழித்துக்கட்டும் வேட்டை முறை. சிங்கப்பூர்த் தேர்வில் அவனே விடை எழுதவேண்டும். சில கேள்விகளுக்கு ‘சொந்தச் சொற்களில்’ என்ற நிபந்தனை வேறு. பத்தியின் வரியை அப்படியே தூக்கி எழுதினால் மதிப்பெண் இல்லை. அவனுடைய 18ல் வாசிப்புக் குறை எவ்வளவு, எழுத்துக் குறை எவ்வளவு என்று நீங்கள் இதுவரை பிரித்துப் பார்த்திருக்கமாட்டீர்கள். அடுத்த தாளில் தவறான விடைகளுக்கு மட்டும், பையனையே சீனத்தில் விடை எழுதச் சொல்லி, அவன் அம்மாவிடமோ வேறு யாரிடமோ பொருள் கேட்டுப் பாருங்கள். சீன விடை சரியாக இருந்தால் அவனுக்குப் பத்தி புரிந்திருக்கிறது. குறை ஆங்கிலத்தில் எழுதுவதில். இரண்டுக்கும் மருந்து வேறு.

தேர்வில் கேட்கும் எண்பது சொல் சுருக்கத்துக்கு, பத்தியை மூடிவைத்துவிட்டு வாயால் சொல்லச் சொல்லி, சொன்னதை எழுதச் செய்யுங்கள். பார்த்து எழுதினால் தூக்கி எழுதத்தான் கை போகும். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு (‘ஓ லெவல்’) 2027 முதல் வேறு பெயரில் நடக்கும். அதற்காக நீங்கள் முறையை மாற்றவேண்டியதில்லை.

ஓராண்டில் 18 எங்கே போகும்? முப்பதைத் தொட்டால் நான் மகிழ்வேன். நாற்பத்தைந்து என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவர்களிடம் பணம் கட்டவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல். பிள்ளையின் படிப்புக்காகவே கூடவந்து தங்கும் தாய்மாரைச் சீனத்தில் ‘பெய்து மாமா’ என்பார்கள் (அங்கே ‘மாமா’ என்றால் அம்மா). கணவரையும் ஊரையும் விட்டு, மொழி தெரியாத இடத்தில், மகனின் மதிப்பெண் ஒன்றையே எண்ணிக்கொண்டிருக்கும் வாழ்க்கை அது. அவர் தாள் கேட்பது தாளின்மேல் உள்ள ஆசையால் அல்ல, எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டும் என்பதால். ஆகவே எண்ணுவதற்கு வேறொன்றைக் கொடுங்கள். சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, பையன் ஒவ்வொரு நாளும் படித்த ஆங்கிலப் பக்கங்களின் எண்ணை அவர் கையாலேயே எழுதட்டும். ஒரு மாதத்தில் முந்நூறு என்று கூட்டுத்தொகை வரும்போது ஆறு தாளை அவரே மறந்துவிடுவார். நாவலுக்காகத் திட்டுவதும் குறையும் என்று நம்புகிறேன்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். ‘விழப் பார்த்தேன்’ என்று நீங்கள் சொன்னபோது அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவேண்டும்.